தண்ணீர் பில் திடீரென்று ஏறினால்: மீற்றர் முதல் முறைப்பாடு வரை

வழமையாகப் பதினைந்து அலகு வரும் வீட்டுக்கு நாற்பது அலகுக்கு பில் வந்தால் இரண்டு பேச்சுத்தான் எழும். ஒன்று, "மீற்றர் பிழை". மற்றது, "பிள்ளைகள் பைப்பைத் திறந்துவிட்டுப் போகுதுகள்". பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. பழைய மீற்றர் பொதுவாகக் குறைத்துத்தான் காட்டும். உள்ளே இருக்கும் சக்கரம் தேயத் தேய மெல்லிய ஓட்டம் அதில் பதியாமல் போகும். பிள்ளைகளின் கவனக்குறைவும் மேலதிக 25 அலகுக்கு, அதாவது 25,000 லீற்றருக்கு, வருவது கடினம். அவ்வளவு தண்ணீர் போக வேண்டுமென்றால் எங்கோ ஓரிடத்தில் இரவு பகலாக, யார் கண்ணிலும் படாமல் ஓட வேண்டும்.

அந்த இடத்தை ஒரு மாலையும் ஓர் இரவும் ஒதுக்கினால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன் பிளம்பரைக் கூப்பிட்டுத் தரையை உடைக்க வேண்டாம். நீர் வழங்கல் சபைக்கு அழைத்து வாக்குவாதப்படவும் வேண்டாம். கையில் அளவு இல்லாமல் போனால் இரண்டு இடத்திலும் உங்கள் பணமும் நேரமும்தான் வீணாகும்.

இங்கே சொல்லப்படுவது இலங்கையில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய் இணைப்பும், மேலே ஒரு தண்ணீர்த் தாங்கியும் உள்ள வீடுகளுக்கானது.

பில்லில் முதலில் பார்க்க வேண்டியது

பணத்தொகையைச் சற்று மறந்துவிட்டு அலகைப் பாருங்கள். ஓர் அலகு என்பது ஒரு கன மீற்றர், 1000 லீற்றர். கட்டணம் படிமுறையில் ஏறுவதால், பாவனை இரண்டு மடங்கானால் பில் இரண்டு மடங்கோடு நிற்காது. மேல் படிகளில் ஒவ்வோர் அலகின் விலையும் கூட. அதனால் தொகையை வைத்துக் கசிவின் அளவை மதிப்பிடப் போனால் பிழைத்துப்போகும்.

முந்தைய வாசிப்பு, இப்போதைய வாசிப்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அலகை நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கான பாவனை வரும். போன மாதம் 28 நாளுக்கு வாசித்து இந்த மாதம் 37 நாளுக்கு வாசித்திருந்தால், பாவனை மாறாமலேயே பில் கூடியிருக்கும். கேற் பூட்டியிருந்ததால் வாசிப்பாளர் உள்ளே வர முடியாத மாதங்களுக்கு மதிப்பீட்டு பில் வந்திருக்கலாம். அந்த மதிப்பீடு குறைவாக இருந்திருந்தால், அடுத்த உண்மையான வாசிப்பில் விடுபட்ட அலகெல்லாம் ஒரே மாதத்தின் தலையில் விழும். அது கசிவல்ல. ஆனால் பல மாதப் பாவனை ஒரு மாதத்துக்குரியதாகக் கணக்கிடப்பட்டு மேல் படிக்குப் போயிருந்தால், அதை உரிய மாதங்களுக்குப் பிரித்துக் கணக்கிடும்படி கேட்பதற்கு நியாயம் உண்டு.

நிலுவைத் தொகையும் இந்த மாதக் கட்டணமும் சேர்ந்த மொத்தத்தைப் பார்த்துப் பதறுகிறவர்களும் இருக்கிறார்கள். பில்லில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். அலகு மாறாமல் தொகை மட்டும் கூடியிருந்தால் கட்டண மாற்றமா, பாவனை வகை மாற்றமா என்று பார்க்க வேண்டும். வீட்டின் ஒரு பகுதியைக் கடையாக மாற்றிய இடங்களில் வகை மாறியிருக்கக்கூடும்.

கடைசியாக, பில்லில் உள்ள இப்போதைய வாசிப்பையும் மீற்றரில் இன்று உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். மீற்றரில் உள்ள எண் பில்லில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் விடயம் அங்கேயே முடிந்தது: வாசிப்புப் பிழை அல்லது மிகை மதிப்பீடு. உடனே ஒரு படம் எடுத்துக்கொண்டு நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

மீற்றரை வாசிக்கும் விதம்

மூடியைத் திறந்து, கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள். கறுப்பு எண்கள் முழு அலகுகள். பில்லில் வருவது இவை மட்டும்தான். சிவப்பு எண்களும் சிவப்பு முட்களும் அலகின் பின்னங்கள். ஒரு சிறு வட்டத்தின் பக்கத்தில் ×0.0001 என்று இருந்தால், அந்த முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற ஒரு லீற்றர். ×0.001 என்றால் ஒரு சுற்றுக்குப் பத்து லீற்றர். நடுவில் அல்லது ஓரத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் அல்லது முக்கோணம் இருக்கும். மிகச் சிறிய ஓட்டத்துக்கும் அசைவது அதுதான்.

நட்சத்திரம் சற்று முன்னே போய், பிறகு பின்னே வந்து, மறுபடி முன்னே போனால் அதைக் கசிவென்று எண்ண வேண்டாம். தெருக் குழாயின் அழுத்தம் ஏறி இறங்கும்போது அப்படி ஆடும். ஒரே திசையில் நிற்காமல் போனால்தான் தண்ணீர் ஓடுகிறது என்று பொருள். சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் கைபேசியில் படம் எடுங்கள். படத்தில் நேரமும் பதிந்துவிடும். பின்னால் கடிதத்தோடு இணைக்கவும் உதவும்.

தேடப் போகும் கசிவு எவ்வளவு பெரியது?

இந்தக் கணக்கைப் போடாமல் தேடத் தொடங்குவதால்தான் பலர் ஒரு சொட்டுக் குழாயைத் திருத்திவிட்டு நிம்மதியடைகிறார்கள். அடுத்த பில் அதே அளவில் வருகிறது.

மேலதிகமாக வந்தது 25 அலகு, காலம் 30 நாள் என்று வையுங்கள். 25,000 லீற்றரை 30ஆல் வகுத்தால் நாளுக்கு 833 லீற்றர். மணிக்கு ஏறத்தாழ 35 லீற்றர். நிமிடத்துக்கு அரை லீற்றருக்குச் சற்று மேல். ஆகவே நீங்கள் தேடுவது சொட்டல்ல, நூல்போல விடாமல் ஓடும் ஒரு தாரை. அரை மணி நேரச் சோதனையில் மீற்றர் சுமார் 17 லீற்றர் காட்ட வேண்டும். சோதனையில் 2 லீற்றர்தான் காட்டினால் நீங்கள் பிடித்தது சின்னக் கசிவு. பெரியது இன்னும் எங்கோ இருக்கிறது, அல்லது இரவில் மட்டும் ஓடுகிறது.

சொட்டும் குழாயையும் அளந்து பாருங்கள். கீழே ஒரு கோப்பையைப் பத்து நிமிடம் வைத்து, சேர்ந்ததை மருந்துக் கோப்பையால் அளந்து 144ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு வரும். பத்து நிமிடத்தில் 100 மில்லிலீற்றர் சேர்ந்தால் நாளுக்கு 14 லீற்றர் சொச்சம், மாதத்துக்கு அரை அலகும் இல்லை. திருத்த வேண்டியதுதான், ஆனால் பில் இரட்டித்ததற்கு அது காரணமல்ல. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஓடினாலோ மாதம் 43 அலகு போய்விடும்.

பாவனை உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். சாதாரணமாக ஒருவருக்கு நாளுக்கு 100 முதல் 150 லீற்றர் என்று வைத்தால், நால்வர் வீட்டுக்கு மாதம் 12 முதல் 18 அலகு வரும். தோட்டத்துக்கு ஹோஸ் பிடித்தால் நிமிடத்துக்கு 15 லீற்றராவது போகும்; அரை மணி நேரம் தினமும் பிடித்தால் மாதம் 13 அலகுக்கு மேல். கோடையில் பில் ஏறி மாரியில் தானாக இறங்கும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் கதை. கட்டட வேலை நடந்து கொங்கிறீட்டுக்குத் தண்ணீர் விட்டிருந்தாலும், விருந்தினர் வந்து தங்கியிருந்தாலும் அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மூன்று கட்டச் சோதனை

தாங்கி இல்லாத வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீற்றரைப் பார்த்தாலே போதும். தாங்கி இருக்கும் வீட்டில் அப்படிச் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும். தாங்கி நிரம்பிக்கொண்டிருந்தால் கசிவே இல்லாமல் மீற்றர் ஓடும். தாங்கி நிரம்பி போல் வால்வு (மிதவை உயர்ந்ததும் உள்வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு) மூடியிருந்தால், கொமட்டில் கசிந்தாலும் மட்டம் சற்று இறங்கும் வரை மீற்றர் அசையாமல் நிற்கும். அதனால் வீட்டை மூன்றாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும்: மீற்றரிலிருந்து தாங்கி வரை, தாங்கியின் போல் வால்வு, தாங்கியிலிருந்து வீட்டுக் குழாய்கள்.

முதலில் எந்தெந்தக் குழாய் நேரடி இணைப்பு என்று அறிந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் குசினிக் குழாயும் முற்றத்துக் குழாயும் தாங்கிக்குப் போகாமல் மீற்றரிலிருந்தே வரும். தாங்கியிலிருந்து வெளியேறும் வால்வை மூடிவிட்டு, குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். தொடர்ந்து வருவது நேரடி இணைப்பு.

முதற் கட்டம். தாங்கி நிரம்பியதும் அதற்குள் வரும் வால்வை மூடுங்கள். வால்வு இல்லையென்றால் போல் வால்வின் கையை மேலே தூக்கி, தாங்கியின் விளிம்புக்குக் குறுக்கே வைத்த தடியில் கயிற்றால் கட்டுங்கள். நேரடிக் குழாய்களை யாரும் தொடக்கூடாது. தாங்கித் தண்ணீரை வீட்டில் தாராளமாகப் பாவிக்கலாம், அது மீற்றரைப் பாதிக்காது. அரை மணி நேரம் கழித்து வாசியுங்கள். எண் ஏறியிருந்தால் கசிவு மீற்றருக்கும் தாங்கிக்கும் இடையில், அல்லது நேரடி இணைப்பில் இருக்கிறது. இப்போது மீற்றரை அடுத்துள்ள வால்வை மூடிப் பாருங்கள். ஓட்டம் நின்றால் வால்வுக்கு அப்பால் கசிவு. நிற்காவிட்டால் அந்த வால்வு முழுமையாக மூடவில்லை, இல்லையேல் மீற்றருக்கு ஒட்டிய இணைப்பிலேயே கசிகிறது.

பழைய கேற் வால்வுகள் இந்த இடத்தில் ஏமாற்றும். அடியில் மண்ணும் சுண்ணாம்பும் படிந்து, இறுகத் திருகினாலும் சிறிது விடும். வால்வை மூடியபின் ஒரு நேரடிக் குழாயைத் திறந்து வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் முற்றாக வற்ற வேண்டும். வற்றாவிட்டால் அந்த வால்வை நம்பிச் சோதிக்க முடியாது. கால் சுற்றில் மூடும் கைப்பிடி வால்வு ஒன்றை மீற்றருக்குப் பின், உங்கள் பக்கக் குழாயில், போட்டுக்கொள்வது நல்லது. வருங்காலத்தில் குழாய் வெடித்தாலும் அதுதான் கைகொடுக்கும்.

இரண்டாம் கட்டம். தாங்கிக்குள் வரும் வால்வைத் திறந்து, தாங்கி மறுபடி நிரம்பி ஓய விடுங்கள். பிறகு தாங்கியிலிருந்து வெளியேறும் வால்வை மூடுங்கள். அரை மணி நேரம். முதற் கட்டத்தில் அசையாத மீற்றர் இப்போது ஓடினால் போல் வால்வு தண்ணீரை விடுகிறது, மேலதிக நீர் வழிகுழாயால் போகிறது. பகலில் ஒன்றும் தெரியாவிட்டால் இரவு பதினொரு மணிக்கு மேல் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஊர் முழுக்கத் தண்ணீர் பாவிக்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் குறைவு. எல்லோரும் படுத்தபின் அழுத்தம் ஏறும்போதுதான் தேய்ந்த வோஷர் தோற்கும்.

மூன்றாம் கட்டம். படுக்கப் போகும் முன் தாங்கிக்குள் வரும் வால்வை மூடி, வெளியேறும் வால்வைத் திறந்து வையுங்கள். தாங்கியின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள். இரவு யாரும் தண்ணீர் பாவிக்காமல், ஒரு வாளியில் தேவைக்குப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மறுபடி அளங்கள். தாங்கியின் விட்டத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் ஒரு சென்ரிமீற்றர் இறக்கத்துக்கு எத்தனை லீற்றர் என்று வரும். விட்டம் 110 சென்ரிமீற்றர் என்றால் 9.5 லீற்றர். ஏழு மணி நேரத்தில் 10 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் 95 லீற்றர் போயிருக்கிறது. நாளுக்கு 325 லீற்றர், மாதத்துக்குப் பத்து அலகுக்குக் கிட்ட.

மட்டம் இறங்கியிருந்தால் அடுத்த இரவு கொமட்டுகளுக்குப் போகும் சுவர் வால்வுகளை மட்டும் மூடிவிட்டு இதே அளவை எடுங்கள். இறக்கம் நின்றுவிட்டால் தேடல் முடிந்தது. பெரும்பாலான வீடுகளில் இங்கேயே முடிந்துவிடும்.

கொமட்

பிளஷ் பெட்டியிலிருந்து கொமட்டுக்குள் இறங்கும் மெல்லிய கசிவுக்குச் சத்தம் இல்லை, தரையும் நனையாது, தண்ணீர் நேராகக் குழிக்குப் போய்விடும். உடுப்புக்குப் போடும் நீலத்தில் சில சொட்டை, அல்லது சாப்பாட்டு நிறத்தை, பெட்டிக்குள் கலந்துவிட்டு அரை மணி நேரம் பிளஷ் பண்ணாமல் விடுங்கள். கொமட்டின் கிண்ணத்தில் நிறம் வந்தால் அடி வோஷர் போய்விட்டது. நிறம் தெளிவில்லையென்றால், கிண்ணத்தின் பின்புறச் சுவரை நன்றாகத் துடைத்து அதில் ஒரு காய்ந்த ரிஷுத் தாளை ஒட்டிப் பாருங்கள். கோடு போல ஈரம் இறங்கும்.

காரணம் இரண்டில் ஒன்று. பெட்டியின் நடுவில் நிற்கும் வழிகுழாயின் வாயைத் தாண்டி நீர்மட்டம் ஏறியிருந்தால், உள்வரும் வால்வின் மிதவை உயரமாக இருக்கிறது. அதன் திருகைத் திருப்பி மட்டத்தை வழிகுழாயின் வாய்க்கு 2, 3 சென்ரிமீற்றர் கீழே கொண்டுவாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் கசிந்தால் அடி வோஷர். சுவர் வால்வை மூடி, பெட்டியைக் காலியாக்கி, இரட்டை பொத்தான் வகையென்றால் நடுத் தண்டை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பித் தூக்குங்கள். அடியில் இருக்கும் வளையத்தில் வழுவழுப்பும் மணலும் படிந்திருந்தால் கழுவி, மறுபக்கமாகத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய வளையத்தைக் கடைக்குக் கொண்டுபோங்கள். கண்மதிப்பில் வாங்கினால் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்திலும் மறுபடி கசியும். வளையம் அமரும் இருக்கையையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே சுண்ணாம்பு கரடுமுரடாகப் படிந்திருந்தால் புது வளையமும் மூடாது.

பக்கத்தில் இருக்கும் கை ஷவரையும் விடாதீர்கள். பாவித்தபின் சுவர் வால்வையும் மூடும் பழக்கம் இருந்தால் ஹோஸ் வெடிக்காது. வெந்நீர் ஹீற்றர் இருந்தால் அதன் பாதுகாப்பு வால்வின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

தாங்கியின் போல் வால்வு

வழிகுழாயைக் கூரைப் பீலிக்குள்ளோ கழிவுக் குழாய்க்குள்ளோ விட்டிருக்கும் வீடுகளில் மாதக்கணக்கில் வழிந்தாலும் தெரியாது. திருத்த வேலைக்கு முன் செய்ய வேண்டியது அந்தக் குழாயை முன்வாசல் பக்கம், எல்லோர் கண்ணிலும் படுமாறு திருப்பிவிடுவது. ஒரு முழங்கை இணைப்பும் சிறு துண்டுக் குழாயும் போதும்.

வால்வைச் சோதிக்க மிதவையைக் கையால் தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் முற்றாக நின்றால் வால்வு நல்லது, மட்டம்தான் உயரம். பித்தளைக் கையைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்தால் மட்டம் இறங்கும். வழிகுழாயின் வாய்க்கு 4, 5 சென்ரிமீற்றர் கீழே நிற்க வேண்டும். மிதவையைக் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் ஆடினால் மிதவை ஓட்டை, மாற்றுங்கள். தூக்கிப் பிடித்தும் தண்ணீர் நிற்காவிட்டால் வோஷர். உள்வரும் வால்வை மூடி, கையைப் பிடித்திருக்கும் ஊசியை உருவி, உள்ளே இருக்கும் தண்டை இழுத்தெடுத்து, அதன் முனை மூடியைக் கழற்றி இறப்பர் வோஷரை மாற்றலாம். தண்ணீர் பாய்ந்து பாய்ந்து உள்ளிருக்கை அரித்திருந்தால் புது வோஷர் சில கிழமைதான் நிற்கும். முழு வால்வையே மாற்றிவிடுங்கள்.

கிணறும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீடுகள்

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2024 ஓகஸ்டில் தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்ட பின், கிணற்றையும் மோட்டரையும் மட்டும் நம்பியிருந்த குடாநாட்டு வீடுகள் பலவற்றுக்குக் குழாய்த் தண்ணீர் வந்திருக்கிறது. தாங்கி நிரம்பி வழிந்தால் கிணற்றுத் தண்ணீர்தானே என்று விட்ட பழைய போல் வால்வு, இப்போது காசு.

அதைவிடப் பெரிய பிழை, சபைக் குழாயை மோட்டர்க் குழாயோடு ஒரே இணைப்பில் சேர்த்துத் தாங்கிக்கு ஏற்றுவது. மோட்டர் நிற்கும்போது, இடையில் உள்ள ஒருவழி வால்வில் ஒரு மணல் மணி சிக்கினாலும், சபைத் தண்ணீர் மோட்டருக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்குள் போகும். தாங்கியும் நிரம்பாது, எங்கும் ஈரமும் இருக்காது, மீற்றர் மட்டும் ஓடும். மோட்டர்ப் பக்க வால்வை மூடியதும் மீற்றர் நின்றால் இதுதான் காரணம். ஒருவழி வால்வை மாற்றிவிட்டு அப்படியே விடாதீர்கள். அழுத்தம் மாறும் நேரம் கிணற்றுத் தண்ணீர் தெருக் குழாய்க்குள் போகவும் இந்த இணைப்பு வழிவிடும். பாதிக்கப்படுவது அயலார் குடிக்கும் தண்ணீர். இரண்டு குழாயையும் தனித்தனியாகத் தாங்கியின் மேற்பகுதியில், நீர்மட்டத்துக்கு மேலே முடியுமாறு விடுங்கள்.

நிலத்துக்குள் கசிந்தால்

முதற் கட்டத்தில் மீற்றர் ஓடியிருந்து, வெளியே தெரியும் குழாய்களில் ஒன்றுமில்லையென்றால் நிலத்தடிக் குழாய். பாதை நெடுகப் பாருங்கள்: ஓரிடத்தில் மட்டும் பச்சையாக நிற்கும் புல், காயாத மண், தாழ்ந்த இன்ரலொக் கல், அடிச்சுவரில் ஏறும் ஈரம். மணற்பாங்கான ஊர்களில் தண்ணீர் மேலே வராமல் நேராக உள்ளே இறங்கிவிடும். அங்கே காதுதான் துணை. ஊர் அடங்கியபின் ஒரு நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் அல்லது வால்வில் வைத்து மறுமுனையில் காதை வையுங்கள். சீறல் கூடும் திசையில் நகருங்கள்.

வெடிக்கும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே: வாகனம் ஏறும் வாசல், மரவேர் கடக்கும் இடம், பிவிசி குழாய் பித்தளைக்கு மாறும் திருகு இணைப்பு. திருகுக்கு ரெஃப்லோன் ரேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி, குறட்டால் இறுக்கினால் பிளாஸ்ரிக் பக்கம் மயிரிழை போலப் பிளக்கும். அன்று தெரியாது, சில மாதம் கழித்துத்தான் ஓடத் தொடங்கும்.

திருத்தும்போது பழுதான துண்டை நேராக வெட்டி எடுத்து, இரு முனையையும் துடைத்து, உலரவிட்டுப் பசை பூச வேண்டும். கீழ்மட்டக் குழாயைத் திறந்து நீரை வடிக்காமல் ஒட்டினால், உள்ளிருந்து கசியும் ஈரத்தில் பசை பிடிக்காது. ஒட்டியதும் அரை நிமிடம் அசையாமல் பிடித்து, இரவு முழுக்க அழுத்தம் கொடுக்காமல் விடுவதே நல்லது. தண்ணீர் வரும் பக்கத்துக்கு ரைப் 1000 குழாயையே (கூடிய அழுத்தம் தாங்கும் வகை) போடுங்கள். மலிவென்று ரைப் 600 போட்டால் இரவு அழுத்தத்தில் மறுபடி வேலை வரும். வாசலில் 45 சென்ரிமீற்றர் ஆழமாவது வேண்டும்.

கசிவு வீட்டுத் தரைக்கு அடியில் என்றால் தேடி உடைப்பதைவிட, அந்தக் குழாயை இரு முனையிலும் அடைத்துவிட்டு வெளிச்சுவர் வழியாகப் புதுக் குழாய் இழுப்பது பெரும்பாலும் செலவு குறைவு. வெயில் படும் இடத்தில் பெயின்ற் பூசுங்கள்; வெறும் பிவிசி வெயிலில் நொறுங்கும்.

மீற்றரைச் சந்தேகிக்க வேண்டியது எப்போது

மூன்று கட்டத்திலும் ஒன்றும் தெரியாதபோதுதான். 20 லீற்றர் என்று குறியிட்ட கலன் ஒன்றை எடுத்து, மீற்றருக்கு மிக அருகில் உள்ள நேரடிக் குழாயிலிருந்து ஐந்து முறை நிரப்புங்கள். மீற்றர் 100 லீற்றர் காட்ட வேண்டும். 96 முதல் 104 வரை என்றால் குறை சொல்ல இடமில்லை. 110 காட்டினால் மறுநாள் திரும்பச் செய்து, இரண்டு நாளும் எடுத்த படங்களோடு எழுத்தில் மீற்றர்ச் சோதனை கேளுங்கள். முத்திரையைத் தொடவே கூடாது. அது உடைந்திருந்தால் உங்கள் நியாயம் எடுபடாது.

தண்ணீர் நேரம் வைத்து வரும் ஊர்களில் இன்னொன்று உண்டு. குழாய் வெறுமையான பின் தண்ணீர் திரும்பும்போது முன்னால் காற்று தள்ளிக்கொண்டு வந்து மீற்றரைச் சுழற்றும். குழாய் சீறித் துப்பும் அந்த நேரத்தில் மீற்றரை ஒரு காணொளியாக எடுத்துவைத்தால், அதைக் காட்டிப் பேசலாம்.

சபையிடம் போகும்போது

மீற்றர் வரை சபையின் பொறுப்பு, மீற்றருக்குப் பின் உங்களுடையது. இதை மறந்து பேசினால் முதல் வார்த்தையிலேயே கதை நின்றுவிடும். மீற்றருக்கு முன் கசிவென்றால் உடனே சபையின் 1939 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவித்து முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்குத் தொலைபேசியோடு நிற்காமல் உங்கள் பகுதி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழும் அரசகரும மொழி.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"பொறுப்பதிகாரி அவர்களுக்கு,
கணக்கு இலக்கம் ........ தொடர்பான அதிக பாவனைப் பட்டியல்.
........ மாதத்துக்கு எமக்கு ........ அலகு பதிவாகியுள்ளது. முந்தைய ஆறு மாதச் சராசரி ........ அலகு. ........ திகதி இரவு எமது வால்வுகளை மூடிச் சோதித்தபோது மீற்றர் அரை மணி நேரத்தில் ........ லீற்றர் காட்டியது. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. கண்டறிந்த கசிவு ........ திகதி திருத்தப்பட்டது, பற்றுச்சீட்டு இணைக்கப்பட்டுள்ளது. தயவுசெய்து வாசிப்பைச் சரிபார்த்து, மீற்றரைச் சோதித்து, இத்தொகையைத் தவணை முறையில் செலுத்த அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

உங்களுக்குப் பொருந்தாத கோரிக்கையை நீக்கிவிடுங்கள். வாசிப்புப் பிழை என்றால் திருத்தம் மட்டும் கேளுங்கள். கசிவு உங்கள் பக்கம் என்றால் தவணை கேளுங்கள். ஏதும் சலுகை உண்டா என்றும் விசாரியுங்கள், அது அலுவலகத்தின் முடிவு. பதில் வரும்வரை வழமையான மாதத் தொகையையாவது கட்டிக்கொண்டிருங்கள், முழுவதையும் நிறுத்தினால் இணைப்பு துண்டிக்கப்படக்கூடும். சோதனை அறிக்கையின் பிரதியைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

திருத்திய நாளன்று மீற்றரைப் படமெடுத்து, ஏழு நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி எடுங்கள். வித்தியாசத்தை ஏழால் வகுத்தால் உங்கள் புது நாட்பாவனை. அடுத்த பில்லும் சற்றுக் கூடத்தான் வரும்: முந்தைய வாசிப்புக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத் திருத்தியிருந்தால், அந்தப் பன்னிரண்டு நாள் கசிவும் அதில் இருக்கும். நாளுக்கு 833 லீற்றர் கசிவென்றால் அது பத்து அலகு. அதைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.